குறைச் சீட்டு

தூத்துக்குடி,
7-8-1975, வியாழன்

என் அன்பு மகன் ஜெயசிங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ அங்கே உடல் தேறி நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். உடல் தேறி என்று ஏன் எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் மேசைக்குப் போய்க் குறைச் சீட்டைப் பார்த்தேன். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. சீட்டு நேற்று இருந்தபடியே இருந்தது. கடைசி வரியில் ‘காரணம்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வெறும் தாள். திங்கட்கிழமை எழுத உட்கார்ந்தவர் அந்த இடத்திலேயே நிற்கிறார்.

இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். நீ போய் ஐந்து வருடமும் ஐந்து மாதமும் ஆகின்றன. நீ பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பிய மூன்று கிறிஸ்துமஸ் கார்டுகளும் எனக்குக் கிடைத்தன. பள்ளியிலேயே, வரைபடங்கள் சுருட்டி வைக்கும் அலமாரியின் அடித்தட்டில், ஆப்பிரிக்காப் படத்துக்குள் வைத்திருக்கிறேன். மொம்பாசாவில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் வேலை என்று எழுதியிருந்தாய். நான் பதில் எழுதவில்லை. உனக்கு எழுதுவதில்லை என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். நானும் கொடுத்தேன். போன கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரவில்லை. ஜனவரி முழுவதும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

முதலில் வீட்டுச் சேதி. ஜூன் மாதம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. பயப்படாதே, இப்போது நடமாடுகிறார். கனமான எதையும் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் கடையில் இந்த இரண்டும் இல்லாமல் என்ன வேலை இருக்கிறது? அதனால் கடையில் உள்ள பழைய பூகோள உருண்டைகள் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, நாசரேத்து ஊரில் இருக்கும் நம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். நான் இந்த வருடம் முடிந்ததும் மாற்றல் கேட்க வேண்டும். பம்பாயிலிருந்து சோராப்ஜி என்ற பழம்பொருள் வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த மாதம் இருபதாம் தேதி லாரி வருகிறது. நாற்பத்தொரு உருண்டைகள்.

பேச்சித்தாய் இப்போதும் நம் வீட்டில்தான் வேலை செய்கிறாள். ஆடிக் காற்றில் உப்பளத்துப் புழுதி வந்து எல்லா உருண்டைகளின் மேலும் படிந்துவிடுகிறது. துடைத்துக்கொண்டே அவள் என்னிடம், “இத்தன உலகத்த வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு, நீங்க ரெண்டு பேரும் ஒரு ஊருக்கும் போவாம கெடக்கியளே டீச்சரம்மா” என்றாள். எல்லாம் போகப்போகிறது என்று சொன்னேன். “அப்பம் நான் எதத் தொடைக்க?” என்று கேட்டாள். சிரிக்கத்தான் சொன்னாள். பிறகு நானும் ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன்.

சோராப்ஜி வந்தது போன சனிக்கிழமை. எழுபது வயது இருக்கும். ஒவ்வொரு உருண்டையையும் மேசையில் வைத்துத் தன் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுப் பார்த்தார். அப்பாவைப் போலவே முதலில் தேய்மானத்தைத்தான் தேடினார். உனக்கு நினைவிருக்கும். சாத்தான்குளம் பள்ளியிலிருந்து வந்த உருண்டையில் மன்னார் வளைகுடா வெள்ளையாகப் போயிருந்தது. முத்துக் குளிக்கும் சலாபம் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த இடமே இல்லை. நாம் இங்கேதான் இருக்கிறோம், இங்கேதான் இருக்கிறோம் என்று எத்தனையோ வருடப் பிள்ளைகள் விரல் வைத்துத் தேய்த்திருந்தார்கள். கோடைக்கானலில் தோட்டத் துரை ஒருவர் வீட்டில் வாங்கியதில் இந்தியா அச்சு மாறாமல் இருந்தது. ஸ்காட்லாந்து அழிந்திருந்தது. ஓர் உருண்டை எந்த ஊரில் இருந்தது என்பதையும், அதை வைத்திருந்தவரின் மனம் எந்த ஊரில் இருந்தது என்பதையும் விரல் பட்ட இடம் சொல்லிவிடும் என்று அப்பா உனக்குக் காட்டிக் கொடுத்தபோது உனக்கு ஒன்பது வயது. அன்று முழுவதும் கடையில் இருந்த உருண்டைகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

சோராப்ஜி நாற்பது பார்த்து முடித்தார். நாற்பத்தொன்றாவது பூட்டிய பீரோவில் இருந்தது. சாவி அப்பாவின் அரைஞாணில். அது எந்த உருண்டை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு காலம் நாங்கள் எழுதாமலும் பேசாமலும் இருந்தது போதும்.

பருத்திக் கம்பெனி பங்களா ஏலத்தில் வாங்கிய பன்னிரண்டு அங்குல உருண்டை. அப்பா கோடைக்கானல் போயிருந்த வாரத்தில் நீ அதில் சூயஸ் கால்வாய்க் கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்தாய். கால்வாய் இல்லாவிட்டால் அது கால்வாய் வெட்டுவதற்கு முந்திய உருண்டை என்றாகி இருபது வயது கூடும், விலையும் கூடும். மெட்ராஸில் ஒருவருக்கு விற்றாய். அப்பா விற்கும் ஒவ்வொரு உருண்டையோடும் ஒரு சீட்டுக் கொடுப்பார். எந்த இடத்தில் என்ன குறை, அதற்குக் காரணம் என்ன என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பீடத்துக்கு அடியில் ஒட்டுவார். நீ அவர் கையெழுத்தைப் போட்டு, குறை ஒன்றுமில்லை என்று எழுதி ஒட்டினாய். இரண்டு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. கால்வாய் இல்லாத காலத்தில் போர்ட் சயீத் என்ற ஊர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள். கால்வாய் வெட்டப் போனவர்களால் உண்டான ஊர் அது. கோட்டை எடுத்த நீ ஊரை விட்டுவிட்டாய்.

அப்பா அன்று இரவே ரயிலேறிப் போய், வாங்கிய தொகையைக் கொடுத்துவிட்டு, அந்த உருண்டையை மடியில் வைத்தபடி திரும்பி வந்தார். கூடத்தில் நின்று உன்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம். “இந்தக் கடையில பொய் விக்கப்படாது. பொய் சொல்லுதவன் இங்கன இருக்கப்படாது.” மறுநாள் நீ இல்லை.

சோராப்ஜி அந்த பீரோவில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, அப்பா விற்பனைக்கு இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு, எல்லாம் போகும்போது இது மட்டும் எதற்கு என்று சொல்லித் திறந்தார். அந்த உருண்டை உள்ளே போனதற்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை.

சோராப்ஜி உருண்டையை மெதுவாகச் சுற்றினார். எகிப்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, சிரித்து, இது யாரோ கெட்டிக்காரப் பையனின் வேலை என்று ஆங்கிலத்தில் சொன்னார். இன்னும் கொஞ்சம் தெற்கே திருப்பினார். அங்கே, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக இருந்தது. வார்னிஷ் போய், அச்சுப் போய், காகிதமும் போய், உள்ளே பூசியிருந்த சுண்ணாம்பு தெரிந்தது. பழைய எழுத்தில் மொம்பாஸ் என்று இருந்த இடம். நான் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவள். எழுத்து இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தக் கார்டுகள் வந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும்.

இது எப்படி ஆயிற்று என்று சோராப்ஜி கேட்டார்.

“பூச்சி அரித்தது” என்றார் உன் அப்பா.

ஜெயசிங், இருபத்தேழு வருடம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். ஓர் உருண்டையைப் பற்றி அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சோராப்ஜி தன் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார். இந்தப் பூச்சிக்கு மொம்பாசா மட்டும்தான் ருசித்ததா என்று கேட்டார். கேலியாகத்தான் தொடங்கினார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், இதையும் எடுத்துக்கொள்கிறேன், வழக்கம்போல் சீட்டு எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நீ மொம்பாசாவில் இருப்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. கார்டுகள் வீட்டுக்கே வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை மாதா கோயில் திருவிழாவுக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போன வழியில், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் இருக்கும் சங்கரபாண்டியனைப் பார்த்தேன். உன்னோடு பந்து விளையாடுவானே, அவனேதான். இப்போது தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக இருக்கிறான். கடையை விற்கப்போவதைச் சொன்னேன். “அப்பம் அண்ணாச்சி இனிமே ஆபீசுக்கு வரமாட்டாவளாக்கும்” என்றான். அப்பா எந்த ஆபீசுக்கு வந்தார் என்று கேட்டேன். கூட்டத்தைவிட்டு ஓரமாக என்னைக் கூட்டிப் போய் நிறுத்திச் சொன்னான்.

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். “நாலு வருசத்துக்கு முன்ன ஒரு மாலுமி, மொம்பாசாவுல நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான்னு சொன்னதுல இருந்து, மாசம் ஒரு தடவ வாராவ அக்கா. மொம்பாசாவுல இருந்து எந்தக் கப்பல் வருதுன்னு கேப்பாவ. வந்திருந்தா மேல ஏறிப் போயி, அங்கன பழைய உருண்டை கிடைக்குமான்னு மாலுமிகள்ட்ட விசாரிப்பாவ. அந்த ஊருல எவன் உருண்டை விக்கான்? அதெல்லாம் விசாரிச்சிட்டு, எறங்கப் போற நேரத்துல, அங்க நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் கப்பல்களுக்குச் சாமான் கொண்டாருவானாமே, பாத்திருக்கியளான்னு ஒரு வார்த்த கேப்பாவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்காவ. நானும் தெரியாத மாதிரியே இருக்கேன்.”

புதுத் துறைமுகம் வந்த பிறகு ஊருக்கு வெளியே அவ்வளவு தூரம் சைக்கிளில் போயிருக்கிறார். அந்தக் கப்பல் ஏணிகளில் ஏறியிருக்கிறார். ஜூன் மாதத்துக்கு முன்வரை.

மே மாதம் வந்த கப்பலில் ஒருவர், நீ மலேரியாக் காய்ச்சலில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாய் என்று சொன்னாராம். நவம்பர் டிசம்பரில் என்றாராம். கார்டு வராததற்கு அதுதான் காரணமா? மே மாதத்தில் ஒருநாள், ஞாயிறும் இல்லை பண்டிகையும் இல்லை, அப்பா கோயிலுக்குப் போய் மத்தியானம்வரை இருந்துவிட்டு வந்தார். என்ன என்று கேட்டேன். பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டதாகச் சொன்னார். அப்போது நானும், நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமல், அவரிடம் கேட்க முடியாமல், பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ எழுந்துவிட்ட சேதி அவரிடம் இருந்தது. நீ அனுப்பிய கார்டுகள் என்னிடம் இருந்தன. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் காட்டவில்லை. இதை நினைத்தால் எனக்கு அவர் மேலும் கோபம் வருகிறது, என் மேலும் வருகிறது.

திங்கட்கிழமை அப்பா சீட்டு எழுத உட்கார்ந்தார். நாற்பது உருண்டைகளுக்கும் பழைய சீட்டுகள் இருக்கின்றன. இது ஒன்றுக்குத்தான் புதிதாக எழுத வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்து போனபோது பார்த்தேன். முதல் குறை: சூயஸ் கால்வாய்க் கோடு பிளேடால் சுரண்டப்பட்டது. காரணம்: என் மகன் ஜெயசிங், இருபத்தொரு வயதில் செய்தது. அப்படியே எழுதியிருக்கிறார். இத்தனை வருடத்தில் உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவர் கையால் எழுதியிருப்பதைப் பார்த்தேன். என் மகன் என்று எழுதித்தான் உன் பெயரை எழுதியிருக்கிறார். இரண்டாவது குறை: மொம்பாசா அருகே தேய்மானம். காரணம், இரண்டு புள்ளி.

வாயால் பூச்சி என்று சொன்னவருக்குக் கையால் அதை எழுத வரவில்லை. உண்மையை எழுதவும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார். பேனாவைத் திறப்பார். மூடுவார். ஆடிக் காற்று தாளைத் தூக்குகிறது என்று அதன் மேல் ஒரு சங்கை வைத்திருக்கிறார்.

இப்போது என் குறையையும் எழுத வேண்டும். நீ அந்தக் கோட்டைச் சுரண்டிய அன்று மாலை நான் பின்னறைக்குக் காப்பி கொண்டுவந்தேன். ஸ்பிரிட் வாசனை அடித்தது. செய்தித்தாள் மேல் வெள்ளைத் தூள் கிடந்தது. நீ பிளேடை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு சிரித்தாய். கால்வாய் திறந்த வருடத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் இந்த உருண்டைக்கு ராஜ மதிப்பு என்று சாப்பிடும்போது விளையாட்டாகச் சொன்னதும் நான். எனக்குப் புரிந்தது. காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டேன். ஒருவேளை விலை நன்றாக வந்தால் நல்லதுதானே என்றும் ஒரு கணம் நினைத்தேன். அப்பா மெட்ராஸிலிருந்து வந்த அன்று, உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். என்னைக் காட்டிக் கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாய். மறுநாள் நீ போனாய், நான் வீட்டில் இருந்தேன். பொய் சொல்லுதவன் இங்கன இருக்கப்படாது என்று அவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்பது அவருக்குத் தெரியாது.

உன் ஊரைத் தொடுவதும் அவர் மட்டும் இல்லை. கடை முகப்பில் யாரும் வாங்காத ஒரு தகர உருண்டை இருக்கிறதல்லவா, பள்ளிப் பிள்ளைகள் சுற்றி விளையாடுவது. தினமும் காலையில் தூசி துடைக்கும்போது அதில் நீ இருக்கும் இடத்தில் விரல் வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். தகரம் தேய்வதில்லை. அதனால் நான் பிடிபடவில்லை. அவர் காகிதத்தைத் தொட்டார், பிடிபட்டுவிட்டார்.

சோராப்ஜி போன பிறகு அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அந்த உருண்டையில் தூத்துக்குடிக்கும் மொம்பாசாவுக்கும் நான்கு அங்குலம்.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்து வரைபட அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி மணி அடித்து நேரமாகிவிட்டது. வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ இருபதாம் தேதிக்குள் வந்துவிட முடியாது என்று தெரியும். உனக்கு வேலை உண்டு, டிக்கெட் உண்டு, உன் மனதில் என்ன இருக்கிறதோ அதுவும் உண்டு. கடை போகட்டும். அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. நாசரேத்து வீட்டில் உனக்கு ஓர் அறை இருக்கிறது. அப்பாவுக்கு அடுத்த வலி எப்போது வரும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. எப்போது முடியுமோ அப்போது வா. வாசலில் நின்று யோசிக்காதே. காய்ச்சல் வந்த உடம்பு, கொசுவலை இல்லாமல் படுக்காதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இந்த விலாசத்தில் நீ இல்லாவிட்டால் கடிதம் திரும்பி வரும். அப்படி வந்தால் சங்கரபாண்டியனிடம் கொடுத்து அடுத்த கப்பலில் அனுப்புவேன்.

இன்னொன்று. இதைத் தொடங்கும்போது உனக்கு மட்டும்தான் எழுதினேன். எழுதிக்கொண்டே வந்ததில் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை இன்று ஒட்டப்போவதில்லை. நாளை காலை பள்ளிக்கூடம் புறப்படும்போது, அப்பாவின் மேசையில், அந்தச் சங்குக்கு அடியில், குறைச் சீட்டுக்கு மேல் இதைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போவேன். உன் மூன்று கார்டுகளையும் பக்கத்தில் வைப்பேன். அவர் படிக்கட்டும். நான் அன்று சொன்ன பொய்யையும் படிக்கட்டும். கொடுத்த வாக்கை உடைத்ததற்கும் சேர்த்து என்னிடம் என்ன சொல்ல வேண்டுமோ சாயங்காலம் சொல்லட்டும். அதற்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வைப்பேன்.

கடைசித் தாளில் கீழ்ப்பாதியை அவருக்காக விட்டிருக்கிறேன். அது வெறுமையாகவே உன் கைக்கு வந்தால், படித்தார், தடுக்கவில்லை என்று எடுத்துக்கொள். அவர் இதைத் தபாலுக்கு விடாமல் வைத்துக்கொண்டால், உனக்கு ஒன்றும் வராது. அப்போது நான் இன்னொன்று எழுதுவேன்.

நீ உண்ணும் உணவையும் உறங்கும் உறக்கத்தையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. நீ புறப்படும் நாளையும் அவரே குறித்து வைத்திருப்பாராக.

உன் அம்மா,
இன்பமணி

இதற்குக் கீழே உள்ள இடம் உன் அப்பாவுக்கு.